மாரியும் மனிதனும்

திருவள்ளுவர் தமது நூலிலே கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். நீத்தார் பெருமையும் அறன் வலியுறுத்தலும் அதற்குப் பின்னரே இடம்பெறுகின்றன. இந்த வைப்புமுறையின் பொருத்தத்தை உரையாசிரியர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். ஆனால் வன்னியிலோ மட்டக்களப்பிலோ மானாவாரி நிலத்தை உழுது விதைத்துவிட்டு, ஐப்பசி மாதத்து வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் கமக்காரனுக்கு எவ்வுரையும் வேண்டியதில்லை. மாரி பெய்தால் பெரும்போகம், பெய்யாவிடிற் கடன். வான்சிறப்பின் பொருளை அவன் இவ்வளவிலே உணர்ந்துகொள்கிறான்.

மழை தவறுவது புதிய செய்தியன்று. பஞ்சங்களும் வெள்ளங்களும் பழைய நூல்களிலும் பதிவாகியுள்ளன. புதியது வேறொன்று. ஒரு நாளின் வெயிலையோ மழையையோ குறிப்பது வானிலை. பல பத்தாண்டுகளாக ஓரிடத்தில் நிலவும் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றின் பொதுவான ஒழுங்கைக் குறிப்பது காலநிலை. வானிலை நாளுக்கு நாள் மாறுவது இயல்பு. காலநிலையோ, மனிதன் பயிர்செய்யக் கற்றுக்கொண்ட ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுக் காலமாகப் பெரிதும் நிலையாகவே இருந்துவந்தது. அந்த நிலைபேற்றை நம்பியே விதைப்புக் காலமும் அறுப்புக் காலமும் வகுக்கப்பட்டன, குளங்கள் கட்டப்பட்டன, கடலோரங்களில் நகரங்கள் எழுந்தன. அந்த நிலைபேறே இன்று குலைந்துவருகிறது. அது குலைவதற்கு ஏது என்ன, அதன் விளைவு யாது, அதற்கு மனிதர் செய்யக்கூடியது யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

இந்த ஆராய்ச்சி நேற்று இன்று தோன்றியதன்று. 1824 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் பூரியே என்பவர், பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுப் போர்வையே அதன் வெப்பம் முழுவதும் வான்வெளிக்குத் தப்பிவிடாமற் காக்கின்றது என்று கருதினார். 1856 இல் அமெரிக்கப் பெண்மணியான யூனிஸ் பூட் என்பவர், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு என்று அக்காலத்தோர் வழங்கிய காபனீரொட்சைட்டு அடைத்த குழாய் ஏனையவற்றிலும் மிகுதியாகச் சூடேறியதையும், ஆறுவதற்கு நெடுநேரம் எடுத்ததையும் அவர் கண்டார். மூன்று ஆண்டுகளின் பின், 1859 இல், இலண்டன் மாநகரில் ஜோன் திண்டால் என்பவர் நுண்ணிய கருவிகளைக்கொண்டு இதனை அளந்தே காட்டினார்.

அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. காற்றில் ஏறக்குறைய 78 வீதம் நைதரசன். 21 வீதம் ஒட்சிசன். இவ்விரு வாயுக்களும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. சூரிய ஒளி காற்றை ஊடுருவி நிலத்தில் விழுகிறது. நிலம் அதனை ஏற்றுச் சூடேறி, கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களாக வானை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. இக்கதிர்களை நைதரசனும் ஒட்சிசனும் விட்டுவிடுகின்றன. மிகச் சிறிய அளவில் உள்ள நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் ஆகியவையோ அவற்றைப் பற்றிக்கொண்டு, ஒரு பகுதியை மீண்டும் நிலத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இந்த வாயுக்கள் இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழ் 18 செல்சியசுப் பாகை அளவில் இருக்கும். கடலும் ஆறும் பனிக்கட்டியாய்க் கிடக்கும். ஆதலின் இப்போர்வை பகையன்று. உயிர்கள் வாழ்வதற்கு ஏதுவானது. போர்வை தடித்துக்கொண்டு போவதிலேயே இடர் பிறக்கிறது.

அது தடிப்பதற்கு ஏது யாது? பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரஞ்செடிகளும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் வெயிலின் துணையால் காற்றிலிருந்து ஈர்த்த காபன், மண்ணுக்கடியிற் புதையுண்டு நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் மாறிக் கிடந்தது. ஜேம்ஸ் வாற்றின் நீராவி இயந்திரம் பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவிய காலந்தொட்டு, மனிதன் அந்தப் புதையலைத் தோண்டி எரிக்கலானான். கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததை இருநூற்றைம்பது ஆண்டுகளிற் காற்றிலே கலக்கவிட்டான். காடுகளை அழித்து எரித்தது இதனோடு சேர்ந்தது. இவ்வாறு எரிப்பதால் வெப்பம் கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1896 இலேயே கணித்தார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இருமடங்கானால் வெப்பம் 5 அல்லது 6 பாகை கூடும் என்பது அவர் கண்ட விடை. இன்றைய கணிப்புகள் அதனைச் சுமார் 3 பாகை என்கின்றன. கணிப்பொறி எதுவுமின்றித் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்த கணக்கு இவ்வளவுக்கு நெருங்கி வந்ததே பெரிது. குளிர்நாட்டவரான அவர் அந்த வெப்பத்தை ஒரு நன்மையென்றே கருதினார். 1938 இல் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, உலகம் உண்மையாகவே சூடேறிவருகிறது என்று காட்டிய ஆங்கிலப் பொறியியலாளர் கலண்டரும் அவ்வாறே கருதினார். வெயிலைக் காணாத நாட்டவருக்கு வெயில் வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

கணிப்புக்குச் சான்று 1958 இல் வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சாள்ஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலையின் சாரலிலே காற்றை இடையறாது அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சம் பங்கு காற்றிலே சுமார் 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 2024 இல் ஆண்டுச் சராசரி 424 ஐத் தாண்டியது. இயந்திரத் தொழிற் காலத்துக்கு முன் இருந்தது சுமார் 280. தென்முனையின் பனிப்பாறையைத் துளைத்தெடுத்து, அதனுள் அடைபட்ட பழங்காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தவர்கள், கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் ஒருபோதும் இத்தொகை 300 அளவைக் கடந்து சென்றதில்லை என்று கண்டுள்ளனர்.

இக்காபன் எரிமலைகளிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாகாதோ என ஐயுறுவோர் உளர். அதற்கும் விடை உண்டு. உயிருள்ள மரத்திலும் இன்றைய காற்றிலும் கதிர்வீசும் காபன் சிறிதளவு உண்டு. பல கோடி ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரியில் அது முற்றாக அழிந்துபோயிருக்கும். 1955 இல் ஹான்ஸ் சூயஸ் என்பவர் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, காற்றில் அக்கதிர்வீசும் காபனின் பங்கு குறைந்துவருவதைக் கண்டார். பழைய, உயிரற்ற காபன் வந்து கலக்கிறது என்பதற்கு இது கைரேகை போன்ற சான்று. சூரியனே சூடு கூடியிருக்கலாமே என்பது மற்றோர் ஐயம். சூரியன் ஏதுவாயின் வளிமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே சூடேறவேண்டும். நிகழ்ந்ததோ வேறு. நிலத்தை ஒட்டிய காற்று சூடேற, மேல் வளிமண்டலம் குளிர்ந்துள்ளது. போர்வை தடித்தால் இவ்வாறே ஆகும் என்று 1967 இல் முன்னுரைத்தவருள் ஒருவரான சியுக்குரோ மனாபே, 2021 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகையோ ஒன்றரைப் பாகையோ கூடினால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். காலையிலும் நண்பகலிலும் பத்துப் பாகை வேறுபடுவதை யாவரும் அன்றாடம் தாங்கிக்கொள்கின்றனர். ஆனால் சராசரி என்பது உடம்பின் வெப்பம் போன்றது. மனித உடம்பில் இரண்டு பாகை கூடினால் அது காய்ச்சல். பூமியில் கூடிய வெப்பத்தில் ஏறத்தாழ 90 வீதத்தைக் கடலே விழுங்கிக்கொண்டுள்ளது. சூடேறிய நீர் விரிகிறது. மலைகளிலும் முனைப் பகுதிகளிலும் பனி உருகிக் கடலிற் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகின் கடல் மட்டம் சுமார் 20 சதமமீற்றர் உயர்ந்தது. அந்த உயர்வின் வேகமும் கூடிக்கொண்டே வருகிறது.

மழையின் கதை இதனினும் நுட்பமானது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். நீர் தாங்கும் பாத்திரம் பெரிதாகிறது என்று இதனைக் கருதலாம். பெரிய பாத்திரம் நிரம்ப நெடுநாள் எடுக்கும். நிரம்பிக் கவிழ்ந்தாற் பெருவெள்ளம். நிரம்பும் வரை அந்நீர் எங்கிருந்து வருகிறது? குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் ஆவியாகி வருகிறது. ஆகவே ஒரே ஏதுவினால் வரட்சியும் கடுமையாகிறது, வெள்ளமும் கடுமையாகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளிற் கொட்டித் தீர்ப்பது இதனாலேயே.

இலங்கை இதனை ஓராண்டிலேயே கண்டது. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை பொய்த்தது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான உலர் வலயத்திற் குளங்கள் வற்றின. 2017 இல் நெல் விளைச்சல் முந்திய ஆண்டினதிலும் மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. நான்கு பத்தாண்டுகளிற் காணாத வரட்சி என்று அது கணிக்கப்பட்டது. வன்னியிலும் கிழக்கிலும் குடிதண்ணீரை வண்டிகளிற் கொண்டுசென்று வழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு மே மாதத்திலே, தென்மேற்குப் பகுதியில் வெள்ளமும் மண்சரிவும் 200 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. ஒரு சிறு தீவின் ஒரு கரையிலே தண்ணீரின்றித் தவிப்பு. மறு கரையிலே தண்ணீரால் அழிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நிகழும் ஒவ்வோர் இடரையும் காலநிலை மாற்றத்தின் தலையிற் சுமத்துதல் அறிவியலாகாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தாக்கிய சூறாவளியும், 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியும் வங்கக் கடலின் பழைய வழக்கப்படி வந்தவையே. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் சூடேறிய கடல் சூறாவளிக்கு உணவாகிறது. சூடேறிய காற்று அதன் மழையைப் பெருக்குகிறது. உயர்ந்த கடல் மட்டம் அதன் அலைகளை உள்நாட்டுக்குள் மேலும் தூரம் கொண்டுவருகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், காற்றினாலன்றி மழையினாலேயே பேரழிவு செய்தது. மலைநாட்டிலே மண்சரிவுகளும் தாழ்நிலங்களிலே வெள்ளமும் 600 இற்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. புயல் பழையது, அது சுமந்துவரும் நீரின் பாரமே புதியது.

கண்ணிற் படாமல் நிகழும் கேடும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறைகளின் இடுக்குகளிலே மழைநீர் இறங்கித் தங்கியிருப்பதே அதன் செல்வம். அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மீது, எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேல்மட்டத்து நீர் நன்னீராயும் ஆழத்து நீர் உவராயும் இருப்பது நேயர் பலரும் அறிந்ததே. அக்கிணற்றை ஓர் அதிசயமென்று பார்த்துவிட்டு வருவோர் பலர்; ஆயின் குடாநாடு முழுவதும் நிலத்துக்கடியில் அத்தகைய ஒரு கிணறே என்பதை எண்ணுவோர் சிலர். கடலோர நிலங்களின் நீரை ஆராய்ந்த ஒல்லாந்தரான கைபனும் செருமானியரான எர்சுபேக்கும் ஒரு பொதுவிதியைக் கண்டனர். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறும் என்பது இதன் மறுபக்கம். துலாவினாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலிமையே அந்நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அந்தக் காவல் நீங்கிற்று. இப்போது கடல் மட்டம் உயர்கிறது, மாரி சுருங்குகிறது, இறைப்போ கூடுகிறது. மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. ஒருமுறை உவரான கிணறு எளிதில் நன்னீர்க் கிணறாவதில்லை. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டங்களின் எதிர்காலம் இந்த ஓரடிக் கணக்கிலே தங்கியிருக்கிறது.

பயிர்களும் உயிரினங்களும் இவ்வாறே வருந்துகின்றன. நெற்பயிர் பூக்கும் நாட்களிலே வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடியாது. கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதராகும். கடலுக்கடியில் முருகைக்கற் பாறைகளைக் கட்டும் சிற்றுயிர்கள், நீர் சற்றே அளவுமீறிச் சூடேறினாலும் தம்மோடு வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடல்களில் இது பெருமளவில் நிகழ்ந்தது. முருகைப் பாறை மீன்களின் தொட்டில்; கரைக்கு அரண். தொட்டிலும் அரணும் போனாற் கரைவலைக்காரனின் கலத்தில் சேர்வது குறையும்.

இவ்விடரை உண்டாக்கியோர் யார், அனுபவிப்போர் யார் என்ற வினா இங்கு எழுகிறது. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கர் ஒருவரின் பங்கு ஏறக்குறைய பதினான்கு தொன். அடுப்பு மூட்டியவன் ஒருவன். புகையிற் கண் கலங்குபவன் மற்றொருவன். இந்த அநீதியை உலக நாடுகள் ஓரளவு ஒப்புக்கொண்டுள்ளன. 1988 இல் அறிஞர் குழுவொன்று ஐக்கிய நாடுகளின் சார்பில் அமைக்கப்பட்டது. 2007 இல் அக்குழு சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அதன் உபதலைவருள் ஒருவராக இலங்கையரான பேராசிரியர் மொகான் முனசிங்க விளங்கினார். 1992 இல் இரியோ நகரிற் பொது உடன்படிக்கை, 1997 இல் கியோட்டோ ஒப்பந்தம், 2015 இல் பாரிசு ஒப்பந்தம் என வரிசையாக வந்தன. வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழாகவும், கூடுமாயின் 1.5 பாகைக்குள்ளும் நிறுத்துவது பாரிசு ஒப்பந்தத்தின் நோக்கம். 2024 ஆம் ஆண்டு தனியோர் ஆண்டாக அந்த 1.5 ஐத் தாண்டியது. ஒப்பந்தம் கருதுவது பல்லாண்டுச் சராசரியை. ஆதலின் எல்லை முற்றாகக் கடக்கப்பட்டதென்று கூறுதல் பிழை. ஆயினும் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு உலகம் வந்துவிட்டது. இழப்புக்கு ஈடாக வறிய நாடுகளுக்கு உதவும் நிதியமொன்றை அமைக்க 2022 இல் எகிப்திற் கூடிய மாநாடு இணங்கியது. அந்நிதியத்திற் சேர்ந்த பணமோ தேவைக்கு முன் மிகச் சிறிது.

ஒப்பந்தங்கள் பயனற்றவை என்று தள்ளிவிடுதலும் தகாது. மேல் வளிமண்டலத்திலுள்ள ஓசோன் படையைச் சிதைத்த வாயுக்களை ஒழிக்க 1987 இல் மொன்றியல் நகரிலே நாடுகள் உடன்பட்டன. அவ்வுடன்பாடு நிறைவேற்றப்பட்டது, அப்படை இன்று மெல்ல மெல்ல ஆறிவருகிறது. மனிதர் கெடுத்ததை மனிதரே திருத்தக்கூடும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

செய்யவேண்டியவை இருவகைப்படும். போர்வை மேலும் தடியாமற் காத்தல் ஒன்று. தடித்துவிட்ட அளவுக்கு ஏற்ப வாழக் கற்றல் மற்றொன்று. முதலாவதில் மின்சாரமே முதன்மையானது. இலட்சபானவில் விமலசுரேந்திரா கனவுகண்ட நீர்மின்சாரம் நெடுங்காலம் இந்நாட்டுக்கு ஒளி தந்தது. ஆனால் அதுவும் மாரியின் பிள்ளை. மழை பொய்த்தால் நீர்த்தேக்கம் வற்றும். வற்றினால் எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கவேண்டும். எரித்தாற் போர்வை தடிக்கும். நோய்க்கு நோயையே மருந்தாக்கும் இந்தச் சுழலிலிருந்து விடுபட, மன்னார்க் கரையில் எழுந்துள்ள காற்றாலைகளும் வீட்டுக் கூரைகளில் ஏறும் சூரியத் தகடுகளும் வழிகாட்டுகின்றன. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 வீதத்தை இத்தகைய வற்றாத மூலங்களிலிருந்து பெறுவது அரசின் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டுள்ளது. காற்றாலையை எங்கு நாட்டுவது என்பதிலும் அவதானம் வேண்டும். மன்னார் வலசைப் பறவைகளின் தங்குமிடம். அங்கு வாழும் மக்களின் மீன்பிடித் துறைகளும் அங்கேயே உள்ளன. ஒரு தீமையைப் போக்க வேறொரு தீமையைச் செய்தல் கூடாது.

இரண்டாவது வகையில், உலகுக்குக் கற்பிக்கக்கூடிய ஒரு பாடத்தை இலங்கையின் உலர் வலயம் பழமையிலிருந்தே வைத்திருக்கிறது. அங்குள்ள சிறு குளங்கள் தனித்தனியே கட்டப்பட்டவை அல்ல. ஒரு குளத்தின் வான் பாய்ந்த நீரும், அதன்கீழ் வயலில் வடிந்த நீரும் அடுத்த குளத்துக்குச் செல்லும். அதன் கழிவு அதற்கடுத்த குளத்துக்குச் செல்லும். ஒரே மழைத்துளி பல வயல்களில் உழைத்த பின்னரே கடலைச் சேரும். குளத்தின் மேற்புறத்தே நின்ற மரக்கூட்டம் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைத்தது. புல்வெளி வண்டலை வடித்தது. அணைக்கும் வயலுக்கும் இடையே விடப்பட்ட பற்றைநிலம் உவரை உறிஞ்சிக்கொண்டது. 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இக்குளத்தொடர் முறையை உலகின் சிறப்புமிக்க விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மழை சில நாட்களிற் கொட்டித் தீர்க்கும் காலத்துக்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறில்லை. வெள்ளத்தைப் படிப்படியாகத் தாங்கிப் பிடிக்கும். வரட்சிக்கு அதையே சேமித்துக் கொடுக்கும். ஆனால் அத்தொடர்களிற் பல தூர்ந்து கிடக்கின்றன; பலவற்றின் மேற்புறத்து மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. ஒரு குளத்தை மட்டும் திருத்துவது சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பூட்டுவதாகும். தொடர் முழுவதும் திருந்தவேண்டும்.

குடாநாட்டுக்கும் இவ்வகை எண்ணங்கள் புதியன அல்ல. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் தடுப்பணைகள் அமைந்தன. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடக்கே கொண்டுவரும் திட்டமொன்றைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களில் முன்வைத்தார். அன்று அது பயிருக்கு நீர் தேடும் திட்டமாயிருந்தது. இன்று அதன் பின்னாலுள்ள கருத்து, உவரைத் தடுத்து நிலத்தடி நீரைக் காக்கும் கருத்தாகப் பொருள்படுகிறது. பெருந்திட்டங்களுக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உள. ஊர்தோறும் உள்ள கேணியையும் குளத்தையும் தூர் வாருதல், கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்தல், வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு ஓட்டாமல் நிலத்துக்குள் இறங்கவிடுதல், வாய்க்கால் நிறைய இறைப்பதை விடுத்துத் துளித்துளியாகப் பாய்ச்சுதல் ஆகியன அத்தகையன.

வயலிலும் மாற்றம் வேண்டும். இரண்டரை மாதத்தில் விளையும் நெல்லினங்களை இந்நாட்டு ஆராய்ச்சியாளர் முன்னரே உண்டாக்கியுள்ளனர். சுருங்கிய மாரிக்கு அவை பொருந்தும். உவரைத் தாங்கும் இனங்களும் உள. வயலை இடையறாது நீரில் நிறுத்தாமல், இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் நீரும் மிஞ்சும். சேற்றிலிருந்து எழும் மெதேன் வாயுவும் குறையும். கமக்காரனுக்கும் உலகுக்கும் ஒருங்கே நன்மை தரும் வழி இது. கரையோரங்களிற் கண்டற் காடுகளைக் காப்பதும் அத்தகையதே. அவை அலையின் வேகத்தைத் தணிக்கும், இறாலுக்கும் மீனுக்கும் இடமளிக்கும், தம் சேற்றிலே காபனைப் பூட்டி வைக்கும். மலைநாட்டிலோ, செங்குத்தான சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியமர்த்துவதும், மண்சரிவு பற்றிய முன்னறிவித்தல் அவர்கள் மொழியில், உரிய வேளையில் அவர்களைச் சென்றடைய வகைசெய்வதும் எவ்வித ஒப்பந்தத்துக்கும் காத்திராத கடமைகள். மழை எங்கே விழும் என்பதை மனிதன் தீர்மானிக்க முடியாது. அது விழும்போது வறியவனே சரிவின்கீழ் உறங்கிக் கிடக்கவேண்டும் என்பதும் விதியன்று.

கடலும் காற்றும் மெல்லச் சூடேறுபவை, மெல்லவே ஆறுபவை. இன்று எரிப்பதை நிறுத்தினாலும் கடல் மட்டம் பல நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டே செல்லும். ஆனால் எவ்வளவு உயரும், எவ்வளவு விரைவாக உயரும் என்பது இன்றைய மனிதரின் கையிலே உள்ளது. ஒவ்வொரு பத்திலொரு பாகையும் ஒரு கூட்டம் கிணறுகளின் சுவையையும், ஒரு பகுதி வயல்களின் விளைவையும் தீர்மானிக்கும். பழைய குளங்களைக் கட்டியவர்கள் தம் காலத்து மழைக்காக மட்டும் கட்டவில்லை. பெயர் தெரியாத சந்ததியாருக்காக மண் சுமந்தனர். அவர்கள் தேக்கிய நீரிலேயே இன்றும் நெல் விளைகிறது. வரப்போகும் சந்ததியார் குடிக்கும் நீர் எத்தகையதாய் இருக்கும் என்பது இன்று வாழ்வோர் எரிப்பதிலும் காப்பதிலும் தங்கியுள்ளது.